நமுத்த மால்ட்: ஈசூன் சமையலறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மச்சானின் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. வீட்டில் அவர் பியர் தயாரித்த ஒவ்வொரு முறையும், ஈஸ்ட் சேர்க்கும் முன் அந்த இனிப்பு நீர் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று சொல்லும் ஒப்படர்த்தி எண்கள் அவை. மார்ச் 1.048. ஏப்ரல் 1.046. மே 1.043. ஜூன் 1.041. ஜூலை 1.040. ஐந்துக்கும் ஒரே செய்முறை. அதே பாத்திரம், அதே பை, அதே அடுப்பு, அதே ஆள். எட்ட வேண்டிய எண் 1.050. ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறன்று அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவர், "மாப்பிள்ளை, நாளாக நாளாகக் கை தேற வேண்டும். எனக்கு மட்டும் ஏன் தேய்கிறது?" என்று கேட்டார்.

அவர் என் மனைவியின் அண்ணன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீடு. தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. எதையும் அளந்து, தேதி போட்டு எழுதிவைப்பார். இந்தச் சிக்கல் அவிழ்ந்ததற்கு என்னுடைய ஏழாண்டு அனுபவத்தைவிட அவருடைய அந்தப் பழக்கம்தான் பெரிய காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வீட்டில் பியர் தயாரிப்பது என்றதும் புருவம் உயர்த்துபவர்களுக்காக ஒரு வரி: சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்தப் பயனுக்காக, வீடு ஒன்றுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் பியர், ஒயின் போன்றவற்றை நொதிக்கவைக்கலாம். விற்கக்கூடாது, ஆவியாக்கி வடித்தெடுக்கக்கூடாது. மச்சான் மாதம் ஒரு முறை, 20 லிட்டர். அதற்குமேல் போனதில்லை.

அவருடைய முறை எளியது. முளைவிட்டு உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, 4.5 கிலோ எடுத்து உருளை மில்லில் அரைக்கிறார். 36 லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்தில் 27.5 லிட்டர் தண்ணீரைச் சுடவைத்து, உள்ளே மெல்லிய வலைப் பையை விரித்து, அரைத்த மால்ட்டைக் கொட்டிக் கிளறி, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மூடிவைக்கிறார். இதுதான் மாஷ். மால்ட்டில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டால் பாத்திரத்தில் 24 லிட்டர் இனிப்பு நீர் நிற்கும். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் 20 லிட்டராகச் சுண்டும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டியதுதான்.

(மாஷ் என்பதற்கு 'ஊறல்' என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்று படித்துப் படித்து அந்தச் சொல்லில் காவல்துறை வாடை ஏறிவிட்டது. அதனால் மாஷ் என்றே எழுதுகிறேன்.)

நெல்லை ஆலைக்கு அனுப்பும்போது எவ்வளவு அரிசி தேறும் என்று கேட்பதுபோல, போட்ட மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை தேறியது என்பதுதான் மாஷ் திறன். ஒப்படர்த்தி 1.050 என்றால் அது 50 புள்ளி. நல்ல வெளிர் மால்ட் ஒரு கிலோவின் சர்க்கரை முழுதும் ஒரே லிட்டரில் இருப்பதாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 300 புள்ளி கிடைக்கும். 4.5 கிலோவுக்கு 1350. ஜூலையில் மச்சானுக்குக் கிடைத்தது 20 லிட்டரில் 40 புள்ளி, மொத்தம் 800. அதாவது 59 விழுக்காடு. அவருடைய முறைக்கு 75க்கு மேல் வர வேண்டும்.

ஏற்கெனவே அவருக்கு ஆலோசனைகள் வந்து குவிந்திருந்தன. பையை நன்றாகப் பிழியுங்கள் என்றார் ஒருவர். ஒரு மணி நேரம் போதாது, ஒன்றரை மணி நேரம் விடுங்கள் என்றார் இன்னொருவர். தண்ணீர்தான் காரணம் என்று மூன்றாமவர். ஜூனில் பிழிந்து பார்த்தார். ஜூலையில் ஒன்றரை மணி நேரம் விட்டுப் பார்த்தார். சரிவு கொஞ்சம் மெதுவானது, நிற்கவில்லை. அடுத்து இன்னொரு பாத்திரம் வாங்கி, பையின் மேல் சுடுநீர் ஊற்றிக் கழுவலாமா என்ற யோசனையில் இருந்தார். பணம் செலவழிப்பதற்கு முன்பு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்காரவைத்தேன்.

தாளில் தெரிந்தது

சர்க்கரை குறைவதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, சர்க்கரை உருவாகவே இல்லை. இரண்டு, உருவான சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிட்டது. இந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்தியம் பார்ப்பவர்கள்தான் அதிகம். பிழிவதும் கழுவுவதும் இரண்டாவது நோய்க்கான மருந்து.

மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றும் மச்சானின் முறையில் இதைப் பிரிப்பது சுலபம். பைக்குள் இருக்கும் நீரும் பைக்கு வெளியே இருக்கும் நீரும் ஒரே இனிப்புதான். பை நிறைய நீரைக் குடித்துக்கொண்டால் பாத்திரத்தில் லிட்டர் குறையும், இனிப்பு குறையாது. காப்பியில் பாதியைக் கொட்டிவிட்டால் மிச்சக் காப்பி சப்பென்று ஆகிவிடுவதில்லை. மச்சானின் புத்தகத்தில் ஐந்து முறையும் லிட்டர் கணக்கு சரியாக இருந்தது, இனிப்புதான் இறங்கியிருந்தது. ஆகவே சக்கையில் எதுவும் கூடுதலாகத் தங்கவில்லை. பையை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் அதே இனிப்பில் இன்னும் அரை லிட்டர் கிடைத்திருக்குமே தவிர, எண் நகர்ந்திருக்காது.

அடுத்து, எட்டக்கூடிய உச்சம் என்ன என்று பார்த்தோம். வெளிர் மால்ட்டின் உலர் எடையில் சுமார் 80 விழுக்காடு கரையக்கூடியது. நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேலான ஈரத்தைக் கழித்தால் மொத்த எடையில் 77 விழுக்காடு. 4.5 கிலோவில் 3.47 கிலோ கரையும். அது 27.5 கிலோ தண்ணீரோடு சேர்ந்தால் எடையில் 11.2 விழுக்காடு இனிப்பு. ஒப்படர்த்தியில் சொன்னால் 1.045. கொதிக்கவைப்பதற்கு முன் மச்சானின் பாத்திரம் காட்டக்கூடிய உச்சம் இதுதான். 24 லிட்டர் 20 லிட்டராகச் சுண்டினால் 1.054. ஜூலையில் கொதிக்கும் முன் அவர் குறித்திருந்தது 1.033.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்வது நல்லது. 45 புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 33 என்றால் மாவுச்சத்தின் கணிசமான பகுதி மாவுச்சத்தாகவே குப்பைக்குப் போயிருக்கிறது. தேட வேண்டியது பாத்திரத்தில் இல்லை, அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்று முடிவானது. இன்னொரு பாத்திரம் வாங்கும் யோசனை அன்றே கைவிடப்பட்டது.

கருவிகள்

அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் நான். அதனால் எண்ணை நம்புவதற்கு முன்பு எண்ணைச் சொன்ன கருவியை விசாரிப்பது என் வழக்கம்.

ஒப்படர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில் பொடி எழுத்தில் 20 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. அந்த வெப்பநிலையில்தான் அது உண்மை பேசும். மச்சான், 'நன்றாக ஆறிய பிறகுதான் அளந்தேன்' என்றார். ஈசூனில் நன்றாக ஆறியது என்றால் 31 டிகிரி. குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வரும் ஊரில், செம்புச் சுருள் போட்டுக் குளிரவைத்தாலும் அதற்குக் கீழே எப்படிப் போகும்? 31 டிகிரியில் ஹைட்ரோமீட்டர் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும். காய்ச்சி வடித்த நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 20 டிகிரியில் சோதித்தோம், சரியாக 1.000. கருவியில் குறையில்லை. குளிர்நாட்டில் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இங்கே அளந்ததுதான் குறை. திருத்திப் போட்டால் மார்ச் 1.050, ஜூலை 1.042 அல்லது அதைவிட அரைப்புள்ளி கூட.

மார்ச்சில் இலக்கை எட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் மச்சானின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்தத் திருத்தம் ஐந்து எண்களையும் ஒரே அளவு தூக்கிவிட்டது. சரிவு சரிவாகவே இருந்தது. அன்று மாலைக்குள் எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டிய விஷயம் இது. ஐந்து மாதமும் மாறாமல் இருந்த ஒரு தவறு, மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் நட்டத்தைத் தர முடியாது. வெப்பமானி தப்பாகக் காட்டினால் மார்ச்சிலும் தப்பாகத்தான் காட்டியிருக்கும். தண்ணீர் ஒத்துவரவில்லையென்றால் மார்ச்சிலும் ஒத்துவந்திருக்காது.

இருந்தும் வழக்கமான சந்தேக நபர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன், பழக்கதோஷம். வெப்பமானி பனிக்கட்டி நீரில் 0.4, கொதிநீரில் 99.6 காட்டியது. கடல் மட்டத்தில் இருக்கும் ஊர், கொதிநிலையில் கணக்குக் குழப்பம் இல்லை. பாத்திரத்தில் அவர் கீறியிருந்த லிட்டர் கோடுகளைத் தண்ணீரை எடைபோட்டு ஊற்றிச் சரிபார்த்தோம், சரி. பொதுப் பயனீட்டுக் கழகக் குழாய்த் தண்ணீர் பெரிதாகக் கடினத்தன்மை இல்லாதது. மாஷின் அமிலத்தன்மையை pH அளவுகோலில் பார்த்தபோது 5.7 (இதில் எண் கூடினால் அமிலம் குறைவு). நான் 5.2 முதல் 5.6 வரை விரும்புவேன். கொஞ்சம் உயர்வுதான், எட்டுப் புள்ளியை விழுங்கும் அளவு உயர்வில்லை. இங்கே குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்கான குளோரமின் இருப்பதால், அதை நீக்க மச்சான் சிட்டிகை மெட்டாபைசல்ஃபைட் போடுகிறார். அது சுவைக்காகச் செய்வது, இந்த வழக்கோடு தொடர்பில்லாதது.

மில்லின் மீதுதான் எனக்குப் பலத்த சந்தேகம். திறன் குறைவு என்று யார் வந்து கேட்டாலும், அரைவையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் பத்தில் ஏழு முறை சரியாக இருக்கும். உருளைகளுக்கு இடையே உள்ள திருகு தளர்ந்து இடைவெளி மாதாமாதம் கூடியிருக்கலாம். மச்சான் தன் வேலைப்பெட்டியிலிருந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்தார். இரண்டு முனையிலும் 1.15 மில்லிமீட்டர். புத்தகத்தைப் புரட்டினோம். மார்ச் மாதக் குறிப்பில் அவர் கையெழுத்தில்: 1.15. மயிரிழைகூட மாறவில்லை.

அப்படியானால் மாறியது எது?

அத்தை கடித்துப் பார்த்தது

அடுத்த சனிக்கிழமை ஈசூனுக்குப் போனேன். சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில், சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மால்ட் மூட்டை நின்றது. மார்ச்சில் வாங்கிய 25 கிலோ மூட்டை. ஐந்து முறைக்கு 22.5 கிலோ போக, அடியில் 2.5 கிலோ. வாயை இரண்டு முறை மடித்துத் துணி கிளிப் போட்டிருந்தார். பக்கத்திலேயே ஈரத் துணிகள் மூங்கிலில் தொங்கின.

நாங்கள் இருவரும் ஒரு வெள்ளைத் தட்டில் அரைத்த மால்ட்டைப் பரப்பி, உடையாத மணிகளைத் தனியே ஒதுக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். 200 மணிக்கு 31 முழுசாக வந்தது. மார்ச்சில் எண்ணி வைக்கவில்லை என்று மச்சான் தன்னையே நொந்துகொண்டார். அந்நேரம் என் மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். தட்டிலிருந்து முழு மணி ஒன்றை எடுத்து, ஏதோ வறுகடலை என்று நினைத்தாரோ என்னவோ, வாயில் போட்டுக் கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"நமுத்துக் கிடக்கிறதே. டப்பாவில் போட்டு மூடவில்லையா?"

நானும் ஒரு மணியைக் கடித்தேன். பல்லில் சத்தமே இல்லை. நல்ல மால்ட் முறுக்கைப்போல் நொறுங்க வேண்டும். உள்ளே வெள்ளை மாவு நாக்கில் கரகரவென்று படும். இது பழைய அப்பளத்தைப்போல் சவசவவென்று பல்லில் அமுங்கியது. ஏழு வருடமாக நான் மால்ட்டைக் கடித்துப் பார்த்ததே இல்லை. ஐந்து கிலோ மூடிய பொட்டலமாக வாங்கி அந்த வாரமே தீர்த்துவிடுகிறவன், நமுத்த மால்ட்டைச் சந்திக்கும் வாய்ப்பே எனக்கு வரவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் 'அரைவையைப் பாருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மால்ட் சூளையிலிருந்து வரும்போது நான்கைந்து விழுக்காடு ஈரத்தோடு வருகிறது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்கூட 60ஐ ஒட்டித்தான் இறங்கும். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று மூட்டையில் அச்சிட்டிருந்தது. ஈசூனில் அப்படியோர் இடத்தை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எவ்வளவு ஈரம் என்று அளந்தோம். மூட்டை மால்ட்டில் 10 கிராம், கடையில் புதிதாக வாங்கிய ஒரு கிலோ மூடிய பொட்டலத்திலிருந்து 10 கிராம். இரண்டையும் மிக்ஸியில் ஒரு சுற்றுவிட்டு, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் பரப்பி, அடுப்புப் பெட்டியில் 105 டிகிரியில் மூன்று மணி நேரம். புதியது 9.56 கிராம் ஆனது, ஈரம் 4.4 விழுக்காடு. பழையது 9.14, ஈரம் 8.6 விழுக்காடு. வீட்டு அடுப்புப் பெட்டி துல்லியமானதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சூட்டில் கிடந்ததால் ஒப்பீட்டை நம்பலாம்.

இந்த ஈரம் இரண்டு விதமாக அடித்திருக்கிறது. முதல் அடி எடையில். 4.5 கிலோ என்று தராசில் நிறுத்தபோது, வழக்கத்தைவிட 190 கிராம் அதிகமாகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். இது கணக்கில் இரண்டு புள்ளிக்குமேல் வராது.

பெரிய அடி மில்லில் விழுந்தது. நெல்லைக் காயவைத்துக் குத்தினால் அரிசியும் நொய்யுமாக உடைகிறது. ஊறவைத்து இடித்தால் அவலாகத் தட்டையாகிறது. அதே நெல், அதே உலக்கை, ஈரம் மட்டும் வேறு. மால்ட்டுக்கும் இதே கதை. மொறுமொறுப்பாக இருந்த மார்ச் மாதத்தில் 1.15 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே மணி நான்கைந்து துண்டாகச் சிதறியிருக்கும். ஈரம் ஏறிய பிறகு உருளைகளுக்கு நடுவில் அமுங்கி, மறுபக்கம் போய் மீண்டும் கொஞ்சம் உப்பிவிட்டது. தட்டிலிருந்த பழைய மால்ட்டை விரலால் தேய்த்துப் பார்த்தால் உமியோடு ஒட்டிய தட்டைத் தட்டையான செதில்கள், அசல் அவல்தான். புதிய மால்ட்டைப் பக்கத்தில் அரைத்துக் கொட்டினோம்: உமி தனி, வெள்ளை நொய் தனி.

ஆறு ஃபிளாஸ்க்குகள்

கதை பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட எனக்கு மனம் வரவில்லை. மச்சானுக்கோ அன்றே மில் இடைவெளியைக் குறைத்துவிடும் அவசரம். 20 லிட்டர் தயாரித்துத்தான் சோதிக்க வேண்டும் என்றால் மாதம் ஒரு கேள்விதான் கேட்க முடியும். அதனால் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்குகளில் சிறிய மாஷ் வைத்தோம். வீட்டில் மூன்று ஃபிளாஸ்க்குகள் இருந்தன, இரண்டு சுற்று. ஒவ்வொன்றிலும் 130 கிராம் மால்ட், 800 மில்லிலிட்டர் தண்ணீர். பெரிய பாத்திரத்தில் இருக்கும் அதே விகிதம், ஆகவே உச்சமும் அதே 1.045. வெந்நீரால் ஃபிளாஸ்க்கைச் சூடேற்றி, 68 டிகிரிக்குச் சற்று மேலான நீரை ஊற்றி, மால்ட்டைப் போட்டுக் குலுக்கினால் 66இல் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து அத்தையின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, 20 டிகிரிக்குக் குளிரவைத்து அளந்தோம்.

பழைய மால்ட், பழைய இடைவெளி: 1.036. வெப்பத் திருத்தம் சேர்த்துப் பார்த்தால், பெரிய பாத்திரத்தில் ஜூலையில் நடந்தது ஃபிளாஸ்க்கிலும் அப்படியே நடந்தது.

பழைய மால்ட், சில சொட்டு லாக்டிக் அமிலத்தால் pH 5.4க்கு இறக்கியது: 1.037. ஒரு புள்ளி எங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். அமிலத்தன்மை விடுதலையானது.

புதிய மால்ட், பழைய இடைவெளி: 1.042. மார்ச் மாதத்து எண்ணோடு ஒத்துப்போகிறது. 42ஐ 24 லிட்டரிலிருந்து 20க்குச் சுண்டவைத்தால் 50.

பழைய மால்ட், மிக்ஸியில் மாவாக அரைத்தது: 1.043. இதற்காகத்தான் காத்திருந்தேன். மாவாக்கினால் மாவுச்சத்து முழுதும் வெளியே வருகிறது என்றால் நொதிகள் உயிரோடு இருக்கின்றன, சத்தும் உள்ளேயே இருக்கிறது. 45க்கும் 43க்கும் இடையிலான இரண்டு புள்ளிதான் தராசில் நிறுத்த தண்ணீர்.

பழைய மால்ட், 0.8 மில்லிமீட்டர் இடைவெளி: 1.040.

ஆறாவது சோதனை மச்சானின் யோசனை. நமுத்த முறுக்கை அத்தை மறுபடி சூடுகாட்டி மொறுமொறுப்பாக்குவதுபோல மால்ட்டையும் செய்தால் என்ன? 50 டிகிரியில் அடுப்புப் பெட்டியின் கதவைச் சற்றுத் திறந்துவைத்து, 200 கிராம் 191 கிராம் ஆகும்வரை உலர்த்தினோம். ஈரமான மால்ட்டை அதற்குமேல் சூடாக்கினால் நொதிகள் கெடும் என்பதால் பொறுமையாக. ஆறவைத்து, பழைய இடைவெளியிலேயே அரைத்து, 130 கிராம் நிறுத்துப் போட்டோம்: 1.041. மில்லைத் தொடவே இல்லை, ஈரத்தை மட்டும் எடுத்தோம். ஐந்து புள்ளி திரும்பி வந்தது.

ஒரு கேள்வி பாக்கியிருந்தது. மச்சான் ஒவ்வொரு முறையும் மாஷ் முடிவில் அயோடின் சோதனை செய்திருந்தார். ஒரு சொட்டு இனிப்பு நீரை வெள்ளைத் தட்டில் விட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின். மாவுச்சத்து மிச்சமிருந்தால் கருநீலமாகும். ஐந்து முறையும் நிறம் மாறவில்லை என்று எழுதியிருந்தார். அதனாலேயே மாவுச்சத்து முழுதும் மாறிவிட்டது என்று நம்பியிருந்தார்.

முதல் ஃபிளாஸ்க்கின் சக்கையிலிருந்து தட்டைச் செதில்கள் நாலைந்தை எடுத்து, கரண்டியின் பின்புறத்தால் நசுக்கினேன். நடுவில் இன்னும் வெள்ளையாக, வேகாத அரிசியின் நடுக்குருணைபோலக் கெட்டியாக ஒரு பகுதி. அதன் மேல் அயோடின் சொட்டியதும் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கறுத்துக்கொண்டே போனது. மை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. அதே ஃபிளாஸ்க்கின் நீரில் சொட்டியது வெளிர் பழுப்பாகவே இருந்தது. மாவுச்சத்து நீரில் கரைந்தால்தானே அந்தச் சோதனைக்குத் தெரியும்? செதிலுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் விட்டபோது ஜூலையில் சரிவு சற்று மட்டுப்பட்டதற்கும் இதுவே விளக்கம்: தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

செய்தது

மச்சான் புது மூட்டை வாங்கினார். பிரித்த அன்றே, ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள 30 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டில் கொட்டி மூடினார். 25 கிலோ மால்ட் 45 லிட்டர் இடத்தை அடைக்கும். சிலிக்கா ஜெல் பைகள் வேறு வாங்கிப் போட்டார். அது மன நிம்மதிக்கு. 30 டிகிரியில் ஈரம் முழுதும் நிரம்பிய காற்றுகூட ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணீர்தான் சுமக்கும். டிரம்மில் மிச்சமிருக்கும் ஏழெட்டு லிட்டர் காற்றில் கால் கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ மால்ட்டை நமுக்கவைக்க 40 கிராம் வேண்டும். மூடி இறுகியிருந்தால் போதும். மாதம் ஒருமுறை திறப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. படுக்கையறைக் குளிரூட்டியின் கீழ் வைக்கலாம் என்று நான் சொன்ன யோசனை அவர் மனைவியிடம் எடுபடவில்லை.

மில் இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்கு இறக்கினார். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் வங்கி அட்டை ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அதன் தடிமன் 0.76. பையில் வடிகட்டுகிறவருக்கு இவ்வளவு நெருக்கமாக அரைப்பதில் ஆபத்தில்லை. அடித்தட்டில் துளைபோட்ட பாத்திரம் வைத்திருப்பவர் இதைச் செய்தால் அடைத்துக்கொள்ளும். கடை மில்களை அகலமாக வைத்திருப்பது அதனால்தான். இன்னும் குறைத்து 0.6க்குப் போகலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்றேன். மாவு பாத்திரத்தின் அடியில் படிந்து தீய்ந்தால், சேமித்த இரண்டு புள்ளியைவிட அந்தக் கருகல் வாடை பெரிய நட்டம்.

அமிலத்தன்மைக்குக் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். அது சுவைக்கு நல்லது என்பதால் நான் தடுக்கவில்லை. திறன் கூடியதற்கு அதைக் காரணமாக எழுதக்கூடாது என்று மட்டும் சொன்னேன், எழுதியிருந்தார், அடித்துவிட்டார்.

ஆகஸ்டு கடைசியில் புது மால்ட்டில் முதல் முறை: 20 லிட்டர், வெப்பத் திருத்தத்துக்குப் பிறகு 1.052. திறன் 77 விழுக்காடு. பிழியாமல், கழுவாமல், ஒரு மணி நேரத்தில். செப்டம்பரில் 1.051. அக்டோபரில் மறுபடி 1.052. நோட்டில் இப்போது இரண்டு புதிய பத்திகள்: அளந்தபோது இருந்த வெப்பநிலை, மால்ட்டின் ஈரம். மூன்றாவது முறைக்குப் பிறகு 10 கிராம் உலர்த்திப் பார்த்தார், 4.7 விழுக்காடு.

பழைய மூட்டையில் மிஞ்சிய ஒன்றரைக் கிலோவை அத்தை வாணலியில் வறுத்துச் சத்துமாவோடு சேர்த்து அரைத்துவிட்டார். தீபாவளி நெருங்கியதும் டிரம் விஷயத்திலும் தலையிட்டார். மூன்று முறை தயாரித்தது போக 11.5 கிலோ மால்ட்தான் மீதி. ஒரு டிரம்முக்குள் அடங்கிவிடும். மற்ற டிரம் கழுவிக் காயவைக்கப்பட்டு, மூடிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு, முறுக்குக்குப் போயிருக்கிறது.